பப்பாளி கொடுக்காதே

அலுவலக வேலையாக மூன்று வாரம் கொலம்பியத் தலைநகர் போகோட்டாவில் தங்க நேர்ந்தபோது, அங்குள்ள சக ஊழியர் ஒருவர் முதல் நாளே எனக்குக் கற்றுக்கொடுத்த ஸ்பானிய வாசகம் 'நோ தார் பப்பாயா'. பப்பாளி கொடுக்காதே என்று பொருள். பழுத்த பழத்தைக் கையில் ஏந்தி நின்றால் யாராவது எடுத்துக்கொண்டு போகத்தான் செய்வார்கள், எனவே ஏந்தாதே என்கிறது கொலம்பியர்களின் இந்தப் பேச்சுவழக்கு. திருடனை விட்டுவிட்டுப் பறிகொடுத்தவரைக் குற்றம் சொல்கிறதே என்று எனக்குச் சற்று எரிச்சலாகத்தான் இருந்தது.

அன்று மாலையே நடைபாதை ஓரத்தில் நின்று கைபேசியில் வழி பார்த்துக்கொண்டிருந்த என்னை, அந்தச் சக ஊழியர் முழங்கையைப் பிடித்துப் பக்கத்து ரொட்டிக்கடைக்குள் இழுத்தார். இருவர் ஏறிய மோட்டார் சைக்கிள் ஒன்று ஓரத்தை ஒட்டி மெதுவாகக் கடந்து சென்றது. அவர்கள் திருடர்கள்தானா என்று தெரியாது. ஆனால் அதன்பின் கடைக்குள் நின்று, சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் கைபேசியை வெளியே எடுத்தேன்.

தெருவில் கைகாட்டி நிறுத்தும் மஞ்சள் டாக்சியில் ஏறக் கூடாது என்பது அடுத்த பாடம். சிறிது தூரத்தில் கூட்டாளிகள் ஏறிக்கொண்டு, பயணியை ஏடிஎம் ஏடிஎம்மாகச் சுற்றவைத்துப் பணம் எடுக்கச் செய்வதை அங்கே 'கோடீஸ்வர உலா' என்றே அழைக்கிறார்கள். அட்டையின் அன்றாட வரம்பு தீர்ந்துவிட்டால் நள்ளிரவு தாண்டும்வரை பிடித்துவைத்து, மறுநாள் கணக்கிலும் எடுக்கவைப்பதுண்டு. ஆகவே செயலி வழியாகவே வண்டியை அழைத்தேன். வரம்பையும் வங்கியில் சொல்லிக் குறைத்துக்கொண்டேன். ஊபர் அங்கே சட்டத்தின் விளிம்பில் ஓடுவதால், போலீஸ் கண்ணில் படாமலிருக்க முன்னிருக்கையில் உட்காரும்படி ஓட்டுநர்கள் கேட்கிறார்கள் என்பது தனி வேடிக்கை.

என்னை உண்மையில் அச்சுறுத்தியது ஸ்கோபலமைன். நம் ஊர் ஊமத்தைக்கு நெருங்கிய உறவான ஒரு மரத்தில் இருக்கும் இந்தப் பொருளைப் பானத்தில் கலந்துவிட்டால், குடித்தவர் பிறர் சொன்னதையெல்லாம் செய்துவிட்டு, மறுநாள் எதுவும் நினைவில்லாமல் விழிப்பார். அளவு மீறினால் உயிரே போகலாம். முகத்தில் ஊதினாலே போதும் என்ற கதையை நான் நம்பவில்லை. ஆனால் 2023 நவம்பர், டிசம்பர் மாதங்களில் மட்டும் கொலம்பியாவின் மெதெயின் நகரில் 8 அமெரிக்கர்கள் சந்தேகத்துக்குரிய முறையில் இறந்ததையும், அவற்றில் சில டேட்டிங் செயலி வழியாக ஏற்பட்ட சந்திப்புகளோடு தொடர்புடையவையாகத் தெரிவதையும் அமெரிக்கத் தூதரகமே எச்சரிக்கையாக வெளியிட்டது. கண்முன்னே திறக்காத எதையும் நான் குடிக்கவில்லை.

நகரத்துக்கு வெளியே ஆபத்தின் முகம் வேறு. 2016இல் ஃபார்க் என்ற கெரில்லா அமைப்புடன் அரசுக்கு அமைதி உடன்படிக்கை ஏற்பட்டாலும், அந்த அமைப்பிலிருந்து விலகிய குழுக்களும் ஈஎல்என் என்ற மற்றொரு கெரில்லா அமைப்பும் இன்னும் ஆயுதம் ஏந்தியே இருக்கின்றன. வெனிசுவேலா எல்லையை ஒட்டிய கத்ததும்போவில் 2025 ஜனவரியில் மூண்ட மோதலில் பல்லாயிரம் பேர் வீடுகளை விட்டு ஓடினார்கள். கிராமப்புறங்களில் கண்ணிவெடிகளும் உண்டு என்பதால், பாதையை விட்டு விலகி நடக்கும் துணிச்சல் அங்கே உதவாது.

கத்தியைக் காட்டிக் கேட்டால் வாதாடாமல் கொடுத்துவிட வேண்டும், அவசரத்துக்கு 123 என்ற எண்ணை அழைக்க வேண்டும் என்று அந்த ஊழியர் திரும்பத் திரும்பச் சொன்னார். அதற்கென்றே காலாவதியான அட்டை ஒன்றையும் 20,000 பேசோ தாள் ஒன்றையும் வைத்து ஒரு போலிப் பர்ஸ் தயாரித்து, முன்பையில் சுமந்து திரிந்தேன். மூன்று வாரமும் அதை யாரும் கேட்கவில்லை. இப்போதும் அந்தத் தாளோடு என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.