விடைக்குறிப்பில் இல்லாத கோழி

'பறவை என்னும் சொல்லின் பொருட்கூறுகளைப் பகுத்துக் காட்டுக' என்பது 10 மதிப்பெண் வினா. உயிருள்ளது, முதுகெலும்புடையது, இறகுடையது, முட்டையிடுவது என்ற பட்டியலை விடைக்குறிப்பு எதிர்பார்த்தது. அந்த மாணவர் பட்டியல் தரவில்லை. கோழியைக் காட்டி யாரும் 'அதோ ஒரு பறவை' என்பதில்லை, ஆனால் கேட்டால் பறவைதான் என்பார்கள், ஆகவே இச்சொல்லுக்குக் கூறுகள் இல்லை, நடுவும் ஓரமும்தான் உண்டு என்று எழுதி, நடுவில் சிட்டுக்குருவியையும் ஓரத்தில் கோழியையும் பென்குயினையும் வைத்து ஒரு வட்டமும் வரைந்திருந்தார்.

நான் 7 போட்டேன். தலைமைத் தேர்வாளர் தாளை என் பக்கம் திருப்பி வைத்து, "கேட்டதுக்குப் பதில் எங்க சார்?" என்றார். "கேள்வியையே மறுத்திருக்கிறார் மேடம், அதுவும் பதில்தானே" என்றேன். "மறுக்கறதுக்கு முன்னாடி கூறு என்னன்னு எழுதணும் இல்லையா?" என்றார். மதிப்பெண் 4 ஆயிற்று. திருத்தத்தின் பக்கத்தில் சுருக்கொப்பமிட்டவன் நான்தான்.

அவர் கேட்டது நியாயம் என்றே அன்று தோன்றியது. பாடத்திட்டம், ஒரு சொல்லின் பொருளைச் சிறு கூறுகளாகப் பிரித்துக் காட்டலாம் என்று காட்ஸ், ஃபோடர் என்னும் அமெரிக்க அறிஞர்கள் 1963இல் முன்வைத்த கூறுப் பகுப்பாய்வோடு நின்றுவிடுகிறது. உளவியலாளர் எலினார் ராஷ் 1975இல் வெளியிட்ட ஆய்வில் அமெரிக்க மாணவர்கள் ராபினைப் பறவைக்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டாகவும் பென்குயினை மிக மோசமானவற்றுள் ஒன்றாகவும் மதிப்பிட்ட செய்தி அடுத்த பருவத்தில்தான் வருகிறது. அதைப் படிக்காமலேயே கோழியை வைத்து அங்கே வந்து சேர்ந்த ஒருவருக்கு 4 தானா என்று வீடு திரும்பும்போதே உறுத்தத் தொடங்கிவிட்டது. ஆனாலும் அந்த மாணவருடைய 'ஆகவே' வலுவற்றது. உளவியலாளர்களான ஆம்ஸ்ட்ராங்கும் கிளெய்ட்மன் இணையரும் 1983இல் காட்டியபடி, ஒற்றைப்படை எண்ணுக்கு 447ஐவிட 3 நல்ல எடுத்துக்காட்டு என்றே மக்கள் சொல்கிறார்கள்; அதனால் ஒற்றைப்படைக்கு வரையறை இல்லையென்று ஆகிவிடாது. நடுவும் ஓரமும் இருப்பது கூறுகள் இல்லை என்பதற்குச் சான்றாகாது. 7 போட்டபோதும் இதை அறிந்தேதான் போட்டேன். முதலாண்டு மாணவரிடம் 1983ஐ எதிர்பார்க்கக் கூடாது என்பது என் சமாதானம்.

என்னை இன்னும் விடாதது இறகு. சிட்டுக்குருவிக்கும் கோழிக்கும் பென்குயினுக்கும் அது உண்டு, இன்றைய உலகில் வேறெந்த உயிரினத்துக்கும் இல்லை. அந்த ஒரு சொல்லை அவர் எழுதியிருந்தால் அவருடைய வட்டம் உடைந்திருக்கும், மதிப்பெண்ணும் கூடியிருக்கும். ஆனால் இறகு சொல்லின் பொருளில் இருக்கிறதா, அல்லது பறவையைப் பற்றி நாம் அறிந்த செய்தியா? சொல்லின் உருவில் பறத்தல் மட்டுமே தெரிகிறது; அதுவும் முடிவானதன்று, 'பறக்காத பறவை' என்பதில் நமக்கு முரண் எதுவும் தோன்றுவதில்லை. 'மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா' என்று, அதாவது ஒரு சொல் ஒரு பொருளைக் குறிப்பதன் காரணம் வெளிப்படையாகத் தெரியாது என்று, தொல்காப்பியர் உரியியலில் சொன்னார். காரணம் வெளிப்படையாகத் தோன்றும் இச்சொல்லிலேயே அது எல்லையை முடிவு செய்யவில்லை. மெய்யியலாளர் புட்னம் 1975இல், எல்ம் மரத்தையும் பீச் மரத்தையும் தன்னால் பிரித்தறிய முடியாது என்றும், ஆயினும் இரு சொற்களும் அறிந்தோர் துணையால் வெவ்வேறு மரங்களையே குறிக்கின்றன என்றும் எழுதினார். அப்படியானால் இறகு விலங்கியலாளரின் பொறுப்பு, அதை எழுதாதது குறையில்லை. இப்படி வாதிடும்போது 7 சரியென்று படுகிறது. பொருளுக்கும் செய்திக்கும் இடையே அப்படியொரு எல்லைக்கோட்டை என்னால் வேறெந்தச் சொல்லிலாவது போட்டுக் காட்ட முடியுமா என்று யோசித்தால் படுவதில்லை.

அடுத்த வினாத்தாளில் அதை 'பொருட்கூறுகளாகப் பகுக்க இயலுமா?' என்று மாற்றலாமென எழுதிக் கொடுத்திருக்கிறேன். விடைக்குறிப்பையும் சேர்த்து அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். அதை இன்னும் எழுதவில்லை.