கோட்டில் நிற்பவர்

மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் சேர்ந்த இரண்டாவது மாதம், பம்ப்செட் பராமரிப்புக் கையேடு ஒன்று என் மேசைக்கு வந்தது. எண்பது பக்கம். யாரோ செய்துவைத்த பழைய மொழிபெயர்ப்பும் கூடவே இருந்ததால், அதையே தட்டிக்கொட்டி மூன்று நாளில் கொடுத்துவிட்டேன். மேலாளர் அம்மா நான்கு பக்கம் புரட்டினார். ஒரு வரியைச் சுழித்தார்: 'பாத அடைப்பிதழ்'. பிறகு முதல் பக்கத்தின் தலையில் சிவப்பு மையால் 'ஃப்ரம் ஸ்கிராட்ச்' என்று எழுதித் திருப்பித் தந்தார்.

"அடியைப் பிடிடா பாரதபட்டா!" என்றார் பக்கத்து மேசை அண்ணன். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கோ அழுகை முட்டியது. ஸ்கிராட்ச் என்றால் கீறல். செய்ததையெல்லாம் கீறி எறிந்துவிட்டார் என்றே நினைத்தேன்.

அன்றிரவு அகராதிகளைப் புரட்டினேன். அந்தக் கீறல் தரையில் கிழித்த கோடு. இங்கிலாந்தின் 1838ஆம் ஆண்டுக் குத்துச்சண்டை விதிகளில் அது களத்தின் நடுவில் இருக்கிறது: விழுந்தவர் முப்பது விநாடி ஓய்வுக்குப் பின், எட்டு விநாடிக்குள் யார் துணையுமின்றி அந்தக் கோட்டுக்கு வந்து நிற்க வேண்டும். சலுகை ஓட்டப்பந்தயத்திலோ அது தொடக்கக் கோடு. வேகம் குறைந்தவர்களைச் சில மீட்டர் முன்னால் நிறுத்திவிட்டு, எல்லாரிலும் வல்லவரைக் கோட்டிலேயே நிறுத்துவார்கள். ஆஸ்திரேலியாவில் ஸ்டாவெல் என்ற ஊரில் 1878 முதல் இப்படியொரு பந்தயம் நடக்கிறது. கோட்டிலிருந்தே ஓடி அதை முதன்முதலில் வென்றவர் மடகாஸ்கரின் ழான் லூயி ரவெலோமனான்ட்சோவா, அதுவும் 1975இல்தான். எந்த முன்னுதவியும் இல்லாமல் தொடங்குவது என்ற பொருள் இந்தக் கோட்டில் பிறந்தது.

எங்கள் ஊர்ப் பொங்கல் பந்தயம் நினைவுக்கு வந்தது. பொடிசுகளைப் பத்தடி முன்னால் நிறுத்திவிட்டு, "நீ பெரியவள், கோட்டில் நில்" என்பார் மாமா. அதில் எனக்கு எவ்வளவு பெருமை!

மறுநாள் பழைய கோப்பைத் திறக்கவே இல்லை. மோட்டார் பழுதுபார்க்கும் கடை ஒன்றுக்குப் போய், கிணற்றுக் குழாயின் அடிமுனையில் இருக்கும் அந்தச் சல்லடைப் பாகத்தைக் காட்டிப் பெயர் கேட்டேன். எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே மெக்கானிக் சொன்னார்: "புட்வால்வு."

வெற்றுப் பக்கத்தில் முதலில் தட்டச்சு செய்த சொல் அதுதான்.