பானெட்டைத் தொட்டுப் பார்த்துட்டு அப்புறம் பேசு

போன வருஷம் இரண்டு லட்சத்துக்குள் ஒரு பழைய கார் தேட வேண்டியதாயிற்று. அம்மாவுக்கு மூட்டு வலி, பஸ் படி ஏற முடியவில்லை. புது வண்டிக்குத் தவணை கட்டும் நிலையில் நான் இல்லை. கார் பற்றி எனக்குத் தெரிந்தது ஓட்டுவது மட்டும்தான் என்பதால், திருச்சியில் எங்கள் தெரு மெக்கானிக் அண்ணனைப் பிடித்துக்கொண்டேன். அவர் முதலில் சொன்னது இதுதான்: "வர்றோம்னு சொல்லு தம்பி, ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்கன்னும் சொல்லு. போனதும் பானெட்ல கை வை. சூடா இருந்தா டீ குடிச்சிட்டு வந்துரு."

முதல் வண்டி ஒரு கன்சல்டிங்கில் (பழைய கார் வாங்கி விற்கும் கடை) நின்ற 2011 சான்ட்ரோ. "சிங்கிள் ஓனர் சார், டாக்டர் வண்டி" என்றார்கள். (பழைய கார் விற்கும் இடங்களில் கேட்டால் தமிழ்நாட்டில் டாக்டர்களைத் தவிர வேறு யாருமே கார் ஓட்டவில்லை என்று தோன்றும்.) பானெட் தோசைக்கல் மாதிரி இருந்தது. இரவு முழுக்க நின்ற எஞ்சினை முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போதுதான் அதன் நோய் வெளியே தெரியுமாம். வால்வு சீல் தேய்ந்திருந்தால் உள்ளே கசிந்த ஆயில் அப்போது எரிந்து நீலப் புகையாக வரும், சூடேறிய பிறகு அது காணாமல் போய்விடும். மீட்டர் 48,000 கிலோமீட்டர் காட்டியது. ஆனால் கிளட்ச் பெடல் ரப்பர் வரி எல்லாம் அழிந்து வழவழவென்று இருந்தது, ஸ்டீயரிங் பளபளத்தது. அண்ணன் பானெட்டைத் தூக்கி, உள்பக்கம் ஒட்டியிருந்த எண்ணெய் படிந்த ஒரு ஸ்டிக்கரைத் துணியால் துடைத்தார். பேனாவில் எழுதியிருந்தது: அடுத்த ஆயில் மாற்றம் 96,000. மீட்டரைத் திருப்பியவர்கள் ஸ்டிக்கரைக் கிழிக்க மறந்துவிட்டார்கள். டீ குடித்துவிட்டு வந்துவிட்டோம்.

இரண்டாவது, சென்னையில் ஓர் ஐ10. மூன்று டயர் புதுசு, பெயின்ட் கண்ணாடி மாதிரி, விலையும் சந்தை விலையைவிட முப்பதாயிரம் குறைவு. நான் அங்கேயே அட்வான்ஸ் கொடுத்திருப்பேன். அண்ணன் டிரைவர் சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார், இழுத்துக்கொண்டே இருந்தார். கடைசி ஒரு முழத்தில் செம்மண் நிறத்தில் ஒரு கறை, அதற்கு மேல் பெல்ட் கறுப்பாகவே இருந்தது. சீட்டை அலசலாம், கார்பெட்டை மாற்றலாம், சுருளுக்குள் கிடக்கும் பெல்ட்டை யாரும் வெளியே எடுத்துக் கழுவுவதில்லை. சீட் முன்னும் பின்னும் நகரும் தண்டின் போல்ட்டுகள் அடியில் துருப்பிடித்திருந்தன, டிக்கியில் ஸ்டெப்னி குழியில் மெல்லிய வண்டல். சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் எத்தனை கார் மூழ்கியது என்று எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் விற்பவர் "தண்ணியே பார்க்காத வண்டி" என்றார். வெள்ளத்தில் நின்ற காரில் எஞ்சினைக்கூடச் சரிசெய்துவிடலாம், வயரிங் கனெக்டர்களில் பூக்கும் பச்சைக் களிம்பு ஆறு மாதம் கழித்து ஒவ்வொன்றாக வேலையைக் காட்டும். போக வர டீசல் காசு போனதுதான் மிச்சம்.

மூன்றாவது, திருச்சியிலேயே 2012 வேகன் ஆர், 94,000 கிலோமீட்டர். பார்க்கவே பிடிக்கவில்லை, பம்பர் முழுக்கக் கீறல். ஓனர் சிடுமூஞ்சி. ஆனால் எஞ்சின் ஜில்லென்று இருந்தது, ஒரே சுற்றில் ஸ்டார்ட் ஆனது, ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே பால் டீ நிறத்தில் எதுவும் இல்லை (இருந்தால் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஆயிலோடு கலக்கிறது, ஹெட் கேஸ்கட் என்ற எஞ்சின் சீல் போய் பெரிய வேலை வரலாம் என்று அர்த்தம்). வலதுபக்க முன் ஃபெண்டர் போல்ட்டுகளின் தலையில் பெயின்ட் உரிந்து ஸ்பேனர் தடம். கேட்டோம். "ஷேர் ஆட்டோ இடிச்சான், மாத்தினேன், அதுக்கென்ன இப்போ?" ஃபெண்டர் போல்ட்டில் நிற்கும் தகடு, மாற்றினால் தப்பில்லை, ஏப்ரானும் (எஞ்சினுக்கு இருபக்கமும் உள்ள உள்தகடு) பில்லரும் (கூரையைத் தாங்கும் தூண்) வெல்டிங்கில் நிற்பவை, அங்கே கை வைத்திருந்தால்தான் பிரச்சினை. கதவு ரப்பரை உருவி, கம்பெனி போட்ட ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் வரிசையாக இருப்பதை அண்ணன் எனக்குக் காட்டினார். இன்ஷூரன்ஸ் பாலிசியில் நோ கிளைம் போனஸ் (கிளைம் போடாததற்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) 50 சதவீதம், அதாவது தொடர்ந்து ஐந்து வருஷமாவது கிளைம் போடவில்லை. கைக்காசில் பார்த்த வேலை அதில் தெரியாதுதான், ஆனாலும் பெரிய விபத்தைக் கைக்காசில் சரிசெய்கிறவர் அபூர்வம். அந்த போனஸ் ஓனருக்குத்தான் சொந்தம், வண்டியோடு நமக்கு வராது என்பதும் அன்றுதான் எனக்குத் தெரியும்.

மேம்பாலத்தில் ஏற்றிப் பார்த்தபோது எஞ்சின் உறுமியது, வண்டி மட்டும் வேகம் எடுக்கவில்லை. கிளட்ச் கடைசிக் காலம். பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் 'டொக்'. டயரில் 2317 என்று இருந்தது, 2017இன் 23ஆவது வாரம். நாலும் மாற்ற வேண்டும். ஒரு பேப்பரில் எழுதிக் கூட்டினால் இருபத்து நாலாயிரம். கேட்டது 2,10,000. அந்தப் பேப்பரை நீட்டியதும் மனுஷன் ஒரு நிமிஷம் படித்துவிட்டு 1,85,000க்கு வந்தார், அதற்குக் கீழே ஒரு பைசா இறங்கவில்லை.

சரி, முடிந்தது என்று நினைத்தால் ஆர்சியில் இன்னும் பேங்க் பெயர். கடன் 2017லேயே அடைந்துவிட்டது, ஹெச்பியை (ஆர்சியில் இருக்கும் பேங்க் கடன் குறிப்பு) கேன்சல் பண்ணவில்லை. அப்போது வாங்கி பீரோவில் வைத்த பேங்க்கின் என்ஓசி (ஆட்சேபனை இல்லை என்ற சான்று) காலாவதி, அது மூன்று மாதம்தான் செல்லும். புது என்ஓசி வர ஐந்து வாரம். அதுவரை விலையில் நாற்பதாயிரத்தைக் கொடுக்காமல் நான் கையில் வைத்துக்கொண்டேன், அவரும் வாரத்துக்கு இருமுறை போன் போட்டுத் திட்டினார். ஹெச்பியை நீக்கப் படிவம் 35, பெயர் மாற்றப் படிவம் 29, 30 எல்லாம் போட்டு ஒருவழியாக என் பெயருக்கு வந்தது. அடுத்த வருஷம் பதினைந்து வயது முடிகிறது, எஃப்சியும் (வண்டியின் தகுதிச் சான்று) பழைய வண்டிக்கான பசுமை வரியும் காத்திருக்கின்றன, அதையும் விலையில் கணக்குப் பண்ணித்தான் எடுத்தேன்.

எட்டு மாதம் கழித்து மதுரைக்குப் போகும்போது பேட்டரி விளக்கு எரிந்தது. ஏசியை அணைத்துவிட்டு மெதுவாக விராலிமலை வரை உருட்டினேன். ஆல்டர்னேட்டரில் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது, ஆட்டோ எலக்ட்ரீஷியன் 850 ரூபாய் வாங்கினார். அண்ணனுக்குப் போன் போட்டால், "அட, அதை நான் பார்க்கவே இல்லையே தம்பி" என்றார். வேலை முடியும்வரை அம்மா பின்சீட்டில் உட்கார்ந்தபடியே மயில் எண்ணிக்கொண்டிருந்தார்.