அந்த ஒரு ஆல்பத்தை மட்டும் விட்டுடு என்றான்

ஜேஹாக்ஸ் என்கிற அமெரிக்க இசைக்குழுவைக் கேட்கப் போகிறேன் என்று சொன்னதும் நண்பன் சொன்னது இதுதான்: "எல்லாத்தையும் கேளு, 'ஸ்மைல்' மட்டும் வேண்டாம், அதுல பாப் பக்கம் போயிட்டாங்க." வேண்டாம் என்றால் அதைத்தானே முதலில் எடுப்போம். எடுத்தேன். அதனால் இந்த மின்னியாபொலிஸ்காரர்களை நான் பின்னாலிருந்து முன்னால் கேட்டவன். மற்றவர்களுக்கு வந்த கோபம் எனக்கு வராததற்கு அதுதான் காரணமாக இருக்கும்.

'ஸ்மைல்' வந்தது 2000ல். தயாரித்தவர் பாப் எஸ்ரின், பிங்க் ஃப்ளாய்டின் 'தி வால்' ஆல்பத்திலும் ஆலிஸ் கூப்பர், கிஸ் ஆல்பங்களிலும் வேலை பார்த்த அதே ஆள். ஆல்ட் கன்ட்ரி, அதாவது அமெரிக்கக் கிராமத்துப் பாட்டான கன்ட்ரியை ராக்கோடு கலந்து பாடும் குழு ஒன்று அவரிடம் போனதே பலருக்கு ஆகவில்லை. கேட்டால் புரியும்: திரும்பத் திரும்ப ஓடும் டிரம் லூப், சிந்தசைசர், அடுக்கடுக்காகக் குரல்கள், திண்ணையில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தவர்களைக் கல்யாண மண்டபத்துக்குக் கூட்டிப்போய் சீரியல் லைட்டுக்கு நடுவே நிற்க வைத்த மாதிரி. ஓரிரு பாட்டில் அந்த லூப் இன்று பழசாகித்தான் ஒலிக்கிறது, அதை மறுக்க மாட்டேன்.

அப்புறம்தான் 1992ல் வந்த 'ஹாலிவுட் டவுன் ஹால்' கேட்டேன். குழுவின் இரண்டு பாடகர்கள், மார்க் ஓல்சனும் கேரி லூரிஸும், சேர்ந்து பாடுவதில் ஒரு வித்தை இருக்கிறது. வழக்கமாக ஒருவர் மெட்டைப் பாட இன்னொருவர் துணைக்கு வருவார் இல்லையா, இங்கே யார் துணை என்றே பல இடங்களில் பிடிபடாது. ஒருவர் குரல் மரம் மாதிரி கனமாகக் கீழே நிற்க, இன்னொன்று மேலே போய் லேசாக நெளியும். அந்த ஆல்பத்தை மூன்று நாள் வேறு எதையும் கேட்காமல் கேட்டேன்.

1995ல் 'டுமாரோ தி கிரீன் கிராஸ்' வந்தது. அதே வருஷம் ஓல்சன் விலகிவிட்டார்.

எஸ்ரினைத் திட்டுபவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அவர் வருவதற்கு முன்பே, 1997ல் வந்த 'சவுண்ட் ஆஃப் லைஸ்' ஆல்பத்திலேயே கன்ட்ரி பெரும்பாலும் போயாயிற்று, இருட்டான ராக் ஆல்பம் அது. இரண்டு குரல் நின்ற இடத்தில் ஒன்று மட்டும் நிற்கிறது, நடுவில் பெரிய ஓட்டை, அதில் எதையாவது வைத்துத்தான் ஆக வேண்டும். முதலில் கிட்டாரை வைத்தார்கள், அடுத்து சிந்தசைசரை வைத்தார்கள். இது என் கணக்கு. தவிர, லூரிஸின் மெட்டு எப்போதுமே பாப்தான். 1995 ஆல்பத்தின் முதல் பாட்டு 'ப்ளூ'வை எடுத்துக்கொள்ளுங்கள், அந்தக் கோரஸைக் கன்ட்ரி என்று யாராவது சொல்வார்களா? கன்ட்ரி சட்டை போட்டிருந்தது, அவ்வளவுதான்.

இதில் கொடுமை என்னவென்றால், பாப் பக்கம் போனதற்குக் கூட்டமாவது வந்ததா, அதுவும் இல்லை. இவ்வளவு நல்ல ஆல்பத்தைப் போட்டும் கண்டுகொள்ள ஆளில்லாமல் போனால் என்னாவது என்கிற ரீதியில் நியூயார்க் டைம்ஸ் விமர்சனத்துக்குத் தலைப்பே வைத்தது. பழைய ரசிகர்களுக்குக் கசந்தது, புதியவர்களுக்கு இப்படி ஒரு குழு இருப்பதே தெரியவில்லை.

2003ல் 'ரெய்னி டே மியூசிக்'. மறுபடி அக்கூஸ்டிக் கிட்டார், பான்ஜோ, வழிக்கு வந்துவிட்டார்கள் என்று எல்லோருக்கும் சந்தோஷம். நல்ல ஆல்பம்தான், ஆனால் கொஞ்சம் பத்திரமாக விளையாடுகிற மாதிரி எனக்குப் படும். 2011ல் ஓல்சனே திரும்பி வந்து 'மாக்கிங்பேர்ட் டைம்' போட்டார்கள், சரி, இரண்டு குரலும் சேர்ந்தன, பழைய சூடு இல்லை.

சமைக்கும்போது நான் போடுவது இன்றும் 'ஸ்மைல்'தான். 'ஹாலிவுட் டவுன் ஹால்' போட்டால் கரண்டி கையிலேயே நின்றுவிடுகிறது, வெங்காயம் கருகிவிடுகிறது.