மோரிஸ் மைனருக்குத் திரும்ப ஹீட்டர்: மூன்று வாரம் இழுத்த கதை

மலேசியாவில், அதுவும் பீடோரில் காருக்கு ஹீட்டர் பூட்டுகிறேன் என்றால் யாரும் சிரிக்கத்தான் செய்வார்கள். "இந்த வெயிலுக்கா அண்ணே?" என்று சாமான் கடைப் பையன் கேட்டான். பீடோருக்கு இல்லை தம்பி, மேலே கேமரன் மலைக்கு ஏற. தாப்பாவிலிருந்து தானா ராத்தா போகும் பழைய ரோட்டில் ரிங்லெட் பக்கம் மழை பிடித்தால், முன்கண்ணாடி உள்பக்கம் வெள்ளையடித்த மாதிரி ஆகிவிடும். ஒரு கையில் துணி, ஒரு கையில் ஸ்டீயரிங். ஏர்கோன் இல்லாத காரில் கண்ணாடியைத் தெளிய வைக்க ஹீட்டர்தான் வழி.

கார் 1098 சிசி மோரிஸ் மைனர், பழைய இங்கிலாந்துக் கார். ஹீட்டரை யாரோ எப்போதோ கழற்றிவிட்டு, பெட்டியை மட்டும் ஸ்டோரில் போட்டு வைத்திருந்தார்கள். பெட்டிதான் இருக்கிறதே, ஹோஸ் இரண்டு வாங்கினால் முடிந்தது என்று நினைத்தேன். அங்கேதான் முதல் கோளாறு. கழற்றியவர் பெட்டியோடு நிற்கவில்லை. இன்ஜினின் சுடுதண்ணீரை ஹீட்டருக்கு விடும் குழாய்த்திறப்பு இன்ஜின் தலையில் இருந்து போய், மூடித்தகடு உட்கார்ந்திருந்தது. ரேடியேட்டரின் கீழ் ஹோஸில் இருந்த 'டி' (மூன்று வாய் இணைப்பு) போய், வெறும் ஹோஸ். தண்ணீர் திரும்பி வரும் இரும்புக் குழாய் இல்லை. திறப்பை இயக்கும் கேபிள் இல்லை. இன்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள தடுப்புத் தகட்டில் ஹோஸ் நுழையும் இரண்டு ஓட்டையையும் புட்டி போட்டு அடைத்துப் பெயின்டும் அடித்திருந்தார்கள். சாமான் வாங்குமுன் இந்த ஐந்து இடத்தையும் பார்த்துவிடுங்கள். இங்கிலாந்திலிருந்து வந்த கிட்டில் ஹோஸ், கிளிப், திறப்பு, கேஸ்கெட் எல்லாம் இருந்தன. கீழ் ஹோஸுக்கான 'டி' இல்லை, அது காரிலேயே இருக்கும் என்ற கணக்கு.

அதைத் தேடி ஈப்போவுக்கு இரண்டு நடை, இரண்டும் தண்டம். போன கையோடு உபரி ஹோஸ் கேட்டதற்கு, "எல்லாம் ஒன்னுதான் பாஸ்" என்று 16 மில்லிமீட்டர் ஹோஸை வெட்டிக் கொடுத்தார்கள். ஹீட்டர் குழாய் அரை அங்குலம், அதாவது 12.7. அதற்கு 13 மில்லிமீட்டர்தான் சரி. பெரிய ஹோஸைக் கிளிப் போட்டு நெரித்தால் ஒரு பக்கம் மடிப்பு விழும். குளிரில் ஒழுகாது, இன்ஜின் சூடானதும் அந்த மடிப்பு வழியாகச் சொட்டும். காலிப்பரைப் பையிலேயே வைத்துக்கொண்டு போங்கள்.

கடைசியில் 'டி'யை இங்கேயே லேத் பட்டறையில் பித்தளையில் கடைந்து வாங்கினேன். கீழ் ஹோஸின் உள்விட்டத்துக்கு ஒரு குழாய், அதன் பக்கவாட்டில் அரை அங்குலக் கிளை. மூன்று முனையிலும் சின்ன விளிம்பு ஏற்றச் சொல்ல மறக்காதீர்கள், இல்லாவிட்டால் ஹோஸ் வழுக்கும். "மேல் ஹோஸில் போடுங்கள், கை எட்டும்" என்று ஒருவர் யோசனை சொன்னார். கேட்டிருந்தால் ஹீட்டர் சூடாகியிருக்காது. தண்ணீர் ஓட அழுத்த வித்தியாசம் வேண்டும். பம்ப் இழுப்பது கீழ் ஹோஸிலிருந்து, அதனால் திரும்பும் தண்ணீர் அங்கேதான் சேர வேண்டும்.

மூடித்தகட்டில் இரண்டு நட்டு. ஒன்று வந்தது, மற்றது ஸ்டட்டோடு (இன்ஜின் தலையில் நிற்கும் மரை ஆணி) முறிந்தது. மூன்று நாள் துரு எண்ணெய் விட்டும் அசையவில்லை. மிச்சம் நின்ற துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் அடித்து, சூடு ஆறுமுன் முன்னும் பின்னும் மெதுவாகத் திருப்பியதும் கழன்றது. இதெல்லாம் யூஎன்எஃப் என்கிற அங்குலக் கணக்கு மரை, மெட்ரிக் நட்டை முறுக்கி ஏற்றினால் மரை போய்விடும். பழைய கேஸ்கெட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஈரம் பண்ணிச் சுரண்டுங்கள்.

இன்னும் ஆறாதது மேட்ரிக்ஸ் விஷயம். ஹீட்டருக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டர்தான் அது. சிட்ரிக் அமிலம் லிட்டருக்கு 50 கிராம், வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து ஒரு மணி நேரம் வைத்து, எதிர்த்திசையில் தண்ணீர் அடித்தேன். முதலில் வந்தது கோப்பி ஓ மாதிரி கறுப்பு. நான்காவது தடவைதான் தெளிந்தது. பிறகு சோடா மாவுத் தண்ணீரில் ஒரு அலசல். இரவு முழுக்க அமிலத்தில் ஊறவிட்டால் உலோகத்தையே தின்ன ஆரம்பிக்கும். இதுவரை ஒழுங்கு. ஒழுகுகிறதா என்று பார்க்க ரேடியேட்டர் பட்டறையில் கொடுத்தேன், கம்ப்ரசரை நேரே மாட்டிவிட்டார்கள். காரின் ரேடியேட்டர் மூடியில் போட்டிருப்பது சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம். பட்டறைக் கம்ப்ரசர் 100 பவுண்டைத் தாண்டும். ஓரத் தையல் விரல் நீளத்துக்குப் பிளந்தது. "பழசு, அதான்" என்றார்கள். ஈயம் வைத்து அடைக்கவும் என்னிடமே காசு. சைக்கிள் பம்பும் ஒரு வாளித் தண்ணீரும் போதும்: 10 பவுண்டு ஏற்றி, ஐந்து நிமிடம் முக்கி வையுங்கள், குமிழி வந்தால் தெரிந்துவிடும்.

பெட்டிக்குள் பழைய நுரை தொட்டதும் பொடியானது. ஏர்கோன் குழாய்க்குச் சுற்றும் கறுப்பு நுரைத் தாளை வெட்டி ஒட்டினேன், அது தண்ணீர் குடிக்காது. மேட்ரிக்ஸைச் சுற்றி இடைவெளி இருந்தால் காற்று அதன் வழியாகப் போகாமல் பக்கவாட்டில் நழுவிவிடும், சூடே வராது. ஓட்டைகளைத் திறந்து ரப்பர் வளையம் மாட்டியது, கேபிள் இழுத்தது எல்லாம் அரை நாள் வேலை.

விசிறிதான் நன்றாக ஏமாற்றியது. சத்தம் உண்டு, காற்றும் உண்டு, ஆனால் கிழவர் ஊதுகிற மாதிரி. மைனர் முதலில் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை காரின் உடம்போடு சேர்ந்திருக்கும். இந்தக் காரில் ஆல்டர்னேட்டர் போட்டபோது நெகட்டிவ்வுக்கு மாற்றிவிட்டார்கள். நிலைக்காந்த மோட்டாராக இருந்தால் திசை மாற்றிச் சுற்றும். கூண்டு விசிறி தலைகீழாகச் சுற்றினாலும் காற்று வெளியேதான் வரும், வேகம் மட்டும் போய்விடும். அதனால் சந்தேகமே வராது. மோட்டாரிலிருந்து இரண்டு வயரும் தனியாக வந்தால் மாற்றிப் போட்டால் போதும். ஒன்று உடம்போடு எர்த் ஆகியிருந்தால் அப்படி மாற்றக் கூடாது, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத் தொடுங்கள். மின்சாரம் ஃபியூஸ் பெட்டியின் ஏ4 முனையிலிருந்து, பச்சை வயர். காரோடு வந்த பழைய லூக்காஸ் கம்பெனி ஃபியூஸில் 35 ஆம்ப் என்றிருப்பது உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது அதில் பாதிதான். கடையில் இப்போது கிடைக்கும் 35 ஆம்ப் ஃபியூஸ் தொடர்ந்தே 35 தாங்கும், வயர்தான் முதலில் எரியலாம்.

எல்லாம் பூட்டி, கண்ணாடி அடியில் உள்ள காற்றுவாய்களில் டிஷ்யூ துண்டை வைத்துப் பார்த்தால், வலது பக்கம் பறக்கிறது, இடது பக்கம் அசையவில்லை. வளைத்த கம்பியை விட்டு இழுத்ததில் உள்ளங்கை அளவுக்கு மண் குளவிக்கூடு வந்தது, உள்ளே காய்ந்த புழுக்களோடு. பெட்டியைப் பூட்டுமுன் காற்றுக் குழாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்திருந்தால் டேஷுக்கு அடியில் ஒரு மணி நேரம் மல்லாந்து கிடந்திருக்க வேண்டாம்.

தண்ணீர் ஊற்றி ஓடவிட்டேன். இன்ஜின் கொதிக்கிற சூடு, ஹீட்டர் பச்சைத் தண்ணீர். காற்று அடைத்திருக்கிறது. ரேடியேட்டர் வழியாக எவ்வளவு ஊற்றினாலும் அது போகாது. இன்ஜினை நன்றாக ஆறவிட்டு, திறப்பை முழுதாகத் திறந்து, திரும்பும் ஹோஸை 'டி'யில் கழற்றி உயரத் தூக்கிப் பிடித்துப் புனல் வைத்து ஊற்றுங்கள். 'டி'யின் கிளையை மற்றொரு கையால் பொத்திக்கொள்ள வேண்டும். ரேடியேட்டர் கழுத்தில் தண்ணீர் எட்டிப் பார்க்கும்வரை ஊற்றி, சட்டென்று மாட்டிவிடுங்கள். அதன் பிறகுதான் இரண்டு ஹோஸும் கை பொறுக்காத சூடு.

போன ஞாயிறு ரிங்லெட்டில் சரியான மழை. கண்ணாடி தெளிந்தது, இடது ஓரத்தில் ஒரு கையளவு தவிர. ஏற்றத்தில் வெப்பமுள் மேலே போனபோது திறப்பை முழுதாகத் திறந்தேன், இறங்கிவிட்டது. ஹீட்டரும் ஒரு ரேடியேட்டர்தானே. கால் வெந்தது வேறு கதை. சமவெளிக்கு இறங்கியதும் திறப்பை மூடி, திரும்பும் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். சூடு இருந்தால் கேபிள் முழுதாக மூடவில்லை, கேபிள் உறையைப் பிடிக்கும் கிளிப்பைக் கொஞ்சம் நகர்த்த வேண்டும். முதல் ஓட்டம் முடிந்து ஆறியதும் எல்லாக் கிளிப்பையும் இன்னொரு கால் சுற்று இறுக்கிவிடுங்கள். என் காரில் எட்டில் மூன்று தளர்ந்திருந்தது.