சிங்கப்பூர் டு நியூயார்க், நடுவுல எங்கயும் நிக்காம

போன குளிர்காலத்துல ஆபீஸ் வேலையா நியூயார்க் போக வேண்டி வந்துச்சு. நேரா போறதா, ஃபிராங்க்ஃபர்ட்ல இறங்கி ஏறிப் போறதான்னு டிக்கெட் போடும்போதே குழப்பம். சிங்கப்பூர் சாங்கி ஏர்போர்ட்லருந்து நியூயார்க் ஜேஎஃப்கே ஏர்போர்ட்டுக்கு நேர் தூரம் 15,349 கிமீ. ஃபிராங்க்ஃபர்ட் வழியா கூட்டிப் பாத்தா 16,500 கிட்ட வருது. ஆயிரத்துச் சொச்சம் கிமீ தானே, ஒன்றரை மணி நேரம் அதிகமா ஆகும்னு பாத்தா, நேரா போறது 18 மணி நேரம், ஃபிராங்க்ஃபர்ட் வழி 23 மணி நேரத்துக்கு மேல!

நடுவுல ரெண்டு மணி நேரம் நிக்கிறது ஒரு காரணம், இன்னொண்ணு காத்து. பத்துப் பன்னெண்டு கிமீ உயரத்துல ஜெட் ஸ்ட்ரீம்னு ஒரு பலத்த காத்து மேற்கேருந்து கிழக்கே அடிக்குது, ஐரோப்பா வழியா போனா அதை எதுத்துப் போகணும். நேர் ஃப்ளைட் ஜப்பான் பக்கமா பசிபிக்கைத் தாண்டிப் போச்சு, மேப்புல சுத்துவழி மாதிரி தெரிஞ்சாலும் காத்து பின்னாடியிருந்து தள்ளுது. திரும்பி வரும்போது மேப்பப் பாத்தா அட்லாண்டிக் மேல போய்ட்டிருக்கோம், அதுவும் கிழக்கே தான், ஆபீஸ் செலவுல உலகத்தையே ஒரு சுத்து சுத்தியாச்சு.

ஆனா ஒண்ணு, இந்த நேர் ஃப்ளைட்டுக்கு விடுற ஏ350 யூஎல்ஆர்ல (ரொம்ப தூரம் பறக்குறதுக்குன்னே செஞ்ச விமானம்) எகானமியே கிடையாது, மொத்தமே 161 சீட், பிசினஸும் பிரீமியம் எகானமியும் மட்டும் தான். எடை குறைச்சாத்தான் அவ்ளோ தூரத்துக்கு எண்ணெய் தாங்கும். சொந்தக் காசுன்னா, அதுவும் குடும்பத்தோடன்னா, நான் ஃபிராங்க்ஃபர்ட் தான் போவேன், பிள்ளைங்களுக்கும் நடுவுல கால் நீட்ட இடம் கிடைக்கும்.

தூக்கம் தான் பெரிய பாடு. கிளம்புறது நடுராத்திரி கிட்ட, ஏறினதும் கண்ணு சொக்குது, ஆனா நியூயார்க்ல அப்ப காலைல 11 மணி (குளிர்காலத்துல 13 மணி நேரம் பின்னாடி, மார்ச்ல அவங்க கடிகாரத்தை மாத்தினதும் 12). அங்க இறங்குறது விடியக்காலைலங்கறதால முதல் பாதி முழிச்சிருந்து பின் பாதில தூங்கினா தான் உடம்பு கேக்கும்னு நானா கணக்குப் போட்டு, படம் பாத்து, காப்பி குடிச்சு, பின்னாடி சாப்பாடு எடுத்து வைக்கிற இடத்துப் பக்கம் போய் நின்னு எப்படியோ ஓட்டுனேன். வெளிய சூரியன் வந்து கொஞ்ச நேரத்துலயே மறுபடி இருட்டு, கிழக்கே ஓடுனா பகல் அவ்ளோ சுருங்கிடுது. கடைசி ஆறு மணி நேரம் நல்ல தூக்கம். ஐல் சீட் (நடைபாதை ஓரத்து சீட்) தான் எடுங்க, கால் வீங்காம இருக்க கம்ப்ரெஷன் சாக்ஸ் போட்டுக்கோங்க.

அம்மா போன்ல "திங்கக்கிழமை ராத்திரி ஏறி செவ்வாய் காலைல இறங்கிட்டியே, நம்ம திருச்சி பஸ் மாதிரி தான்"னாங்க. கடிகாரப்படி பாத்தா சரி தான்.

இன்னொரு விஷயம், ஹோட்டல்ல ரூம் மத்தியானம் 3 மணிக்குத் தான் தருவாங்க. முதல் நாள் ராத்திரிலருந்தே ரூம் போட்டு வைங்க, இல்லன்னா பொட்டியை லாபில வச்சுட்டுக் குளிர்ல சுத்தணும்.