கண்ணாடி அகாரி: ஒருவழியாக ஒரே விடை

அகாரி ஒரு கட்டப் புதிர்: வெள்ளைக் கட்டங்களில் பல்பு வைத்து எல்லா வெள்ளைக் கட்டங்களையும் எரிய வைக்க வேண்டும். ஒளி கறுப்புக் கட்டம் வரை நேராகப் போகும், ஒரு பல்பின் ஒளி இன்னொரு பல்பின் மேல் விழக்கூடாது, கறுப்புக் கட்டத்தில் உள்ள எண் அதை ஒட்டி எத்தனை பல்பு என்று சொல்லும். அதில் ஒளியைத் திருப்பும் கண்ணாடி வைத்து நான் செய்த புதிர் ஒன்று கடைசியில் ஒரே விடையோடு நின்றுவிட்டது. 10×10 கட்டம், கண்ணாடி மூன்றே மூன்று. ஜப்பானியப் புதிர்ப் பதிப்பகமான நிக்கோலியின் புதிர்களைப் போலக் கறுப்புக் கட்டங்களைச் சமச்சீராக வைத்தே தீருவேன் என்ற பிடிவாதம் இல்லையென்றால் எப்போதோ முடிந்திருக்கும்.

சாதாரண அகாரியில் என் உயிரை வாங்குவது 3×3 வளையம்தான். சுற்றிலும் அடைப்பு, நடுவில் 0. எதிரெதிர் மூலைகள் இரண்டில் பல்பு வைத்தால் வளையம் முழுக்க எரியும். ஆனால் எந்த ஜோடி மூலைகள்? இரண்டு ஜோடியும் சரியாக வரும்! வெளியிலிருந்து ஒரு எண்ணை மூலையில் ஒட்டவைத்துத்தான் தீர்க்க வேண்டும், அது பார்த்ததுமே விடையைக் காட்டிக்கொடுத்துவிடும். நடுவில் 4 போட்டால் விடை ஒன்றுதான், ஆனால் அதில் யோசிக்க என்ன இருக்கிறது?

அந்த வளையத்திலேயே கண்ணாடியைப் புகுத்தினேன். மேல் வலது, கீழ் வலது, கீழ் இடது மூலைகளில் உள்நோக்கித் திருப்பும் சாய்வுக் கண்ணாடிகள். மேல் இடது மூலை காலி. அதற்கு மேலேயும் இடப்பக்கமும் மட்டும் அடைப்பை எடுத்துவிட்டேன். காலி மூலையில் பல்பு வைத்தால் அதன் ஒளி சுற்றிவந்து அதன் மேலேயே விழும். இதைத் தப்பு என்று சொல்வதா, விட்டுவிடுவதா என்பதில்தான் நெடுநாள் இழுபறி. தப்பு என்று முடிவு செய்ததும் புதிருக்கு உயிர் வந்தது: எண்ணே இல்லாமல் ஒரு கட்டம் கழிந்துவிடுகிறது. நடுவில் 0 இருப்பதால் மற்ற கட்டங்களும் போச்சு. ஆக, ஒளி வெளியிலிருந்துதான் வர வேண்டும். மேலிருந்து நுழையும் ஒளி வளையத்தைச் சுற்றி இடப்பக்கமாக வெளியேறும். அதாவது அந்த மூலைக்கு மேலே போகும் வரிசையும் இடப்பக்கம் போகும் வரிசையும் உண்மையில் ஒரே கோடு, அதில் ஒரே ஒரு பல்புக்குத்தான் இடம். இதைக் கண்டுபிடிப்பவர் முகத்தைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

இருக்கிற மென்பொருள்களில் இந்தக் கண்ணாடி விதி கிடைக்கவில்லை. பைத்தானில் நானே ஒரு சரிபார்ப்பான் எழுதினேன், பல்பை வைத்துப் பார்த்து ஒத்துவராவிட்டால் பின்வாங்கும் ரகம். அகாரி என்பி-முழுமை (NP-complete, அதாவது கட்டம் பெரிதானால் வேகமாகத் தீர்க்கும் பொதுவழி எதுவும் தெரியாத ரகம்) என்று 2005-இல் பிராண்டன் மெக்ஃபெயில் காட்டியிருக்கிறார், அது பெரிய கட்டங்களுக்கான கவலை. 10×10-க்கு என் சரிபார்ப்பான் கண்மூடித் திறப்பதற்குள் சொல்லிவிடுகிறது.

வரைவதற்குப் பள்ளிக் கணக்கு நோட்டு சரிப்படவே இல்லை. நாலு தடவை அழித்தால் தாள் பிய்கிறது. பாரிமுனை ஆண்டர்சன் தெருப் பக்கம் போகும்போது கொஞ்சம் தடித்த கட்டத்தாள் பார்க்க வேண்டும்.

அடுத்து வண்ண பல்பு. சிவப்பும் பச்சையும் சேர்ந்து விழுகிற கட்டம் மஞ்சள், ஒரே நிற பல்புகள் மட்டும் ஒன்றையொன்று பார்க்கக்கூடாது. வெள்ளைக் கட்டங்களில் தேவையான நிறத்தைக் குறித்தால் எண்ணையே தூக்கிவிடலாம் என்று நினைக்கிறேன், பாதி வரைந்தும் வைத்திருக்கிறேன். அதற்கு முன் கண்ணாடிப் புதிரில் கீழ் வலது பகுதி ரொம்ப லேசாக இருக்கிறது. அங்குள்ள 3-ஐ எடுத்துவிட்டு, வெறும் கறுப்பாக விட்டாலும் ஒரே விடை நிற்கிறதா என்று ஓட்டிப் பார்க்க வேண்டும்.